மூன்று லாரி நீளத்துக் கப்பல்

எழுபதுகளின் கடைசியில், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் வரலாறும் புவியியலும் நடத்திக்கொண்டிருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து போனவள் நான். என் பேச்சில் 'ங்க' குறைவாக இருப்பதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, என்னை ஒரு முரட்டுப் பெண்பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தார்கள். அது அவ்வளவு தப்பான முடிவு இல்லை.

பள்ளி ஒரு தாளாளருடையது. 'உடையது' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மோகனூர் ஆலைக்குக் கரும்பு போகும் தோட்டமும், பம்பாய்க்கும் மங்களூருக்கும் ஓடும் லாரிகளும், இந்தப் பள்ளியும் அவருக்கு ஒரே வரிசையில் இருந்த சொத்துகள். அந்த மூன்றில் பள்ளியைத்தான் அவர் அதிகம் விரும்பினார், ஏனென்றால் கரும்பும் லாரியும் எழுந்து நின்று வணக்கம் சொல்வதில்லை. ஆண்டு விழாவில் ஜெயித்த பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கையால் ஒரு அலுமினியப் போசி கொடுப்பார். இரண்டு கை கொள்ளும் அளவு பாத்திரம். அதன் வெளிப்பக்கத்தில் அவர் பெயரும், அவர் அப்பா பெயரும், பட்டமும், ஊரும் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும். வாங்கிய பிள்ளையின் பெயருக்கு அதில் இடம் இருக்காது.

தலைமை ஆசிரியரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். மேலே இருக்கிற யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு லட்சியம் இருந்து நான் பார்த்ததில்லை. எங்களிடம் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "பாடம் முடிஞ்சுதா?" முடிந்தது என்றால் போதும். எது முடிந்தது, யாருக்கு முடிந்தது என்றெல்லாம் கேட்க மாட்டார்.

ஏழாம் வகுப்பில் கடல்வழி கண்டுபிடித்தவர்கள் என்று ஒரு பாடம். ஒன்றரைப் பக்கம்தான். தாடி வைத்த ஒருவர் படம், ஒரு கப்பல் படம், கீழே கேள்விகள். இப்படிப்பட்ட பாடத்தை எழுதியவர் கடலையும் பார்த்திருக்க மாட்டார், பிள்ளைகளையும் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகளை நான் பார்த்திருந்தேன். கடலை நானும் பார்த்ததில்லை.

நான் வாசித்து முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு, எப்போதும் நேராகப் பார்க்கிற பெண்.

"ஏனுங் டீச்சர், அவரு வந்துதான் நம்மூருக்கு வழி கண்டுபிடிச்சாருன்னு போட்டிருக்குதுங்களே, அதுக்கு முந்தி நாம காணாமப் போயிருந்தமுங்களா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த வார இறுதியில் சேலத்துக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்த அந்தப் போர்ச்சுக்கல்காரர்களைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாதது எவ்வளவோ இருந்தது. புளிப்பும் காய்கனியும் கிடைக்காமல் பாதிப் பேர் ஈறு வீங்கிச் செத்தது. ஆப்பிரிக்கக் கரையிலேயே வழி தெரிந்த மாலுமி ஒருவரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. கள்ளிக்கோட்டை ராஜாவுக்குக் காணிக்கை என்று கோடு போட்ட துணியும், தொப்பியும், கை கழுவுகிற கிண்ணங்கள் ஆறும், கொஞ்சம் சர்க்கரையும் எண்ணெயும் தேனும் கொண்டுவந்து வைத்தது. அதைப் பார்த்து ராஜாவின் ஆட்கள் சிரித்தது. சாதாரண வியாபாரிகூட இதைவிட நல்லதாகக் கொண்டுவருவானே என்று கேட்டார்களாம்.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம், "நாம ஒரு கப்பல் கட்டப் போறோம்" என்றேன்.

மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். அந்தக் கப்பல் எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். மூன்று லாரியை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம் என்றேன். அடிக்கணக்கு சொன்னால் விழித்திருப்பார்கள், லாரிக் கணக்கு உடனே புரிந்தது. அந்த ஊரில் லாரியின் நீளம் தெரியாத பிள்ளை கிடையாது. மூங்கிலை நட்டுப் பாய்மரம் ஆக்கினோம். சாக்குகளைத் தைத்துப் பாய் கட்டினோம். வரைபடத்தைத் துணியில் பெரிதாக வரைந்து, கப்பல் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தினமும் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தினோம். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை கப்பல் குறிப்பேடு எழுத வேண்டும். ஒரு நாள் முழுக்க முப்பத்தெட்டுப் பேரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு பொறை ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பாதிக் கப்பலில் சண்டை வந்துவிட்டது. "எலுமிச்சங்காய்கூட எடுத்துக்காமயாங்க கெளம்புனாங்க?" என்று ஒருவன் அந்த மாலுமிகளைப் பற்றி மிகவும் இளப்பமாகக் கேட்டான்.

தலைமை ஆசிரியர் வராந்தாவில் நின்று பார்த்தார். "படிக்க அனுப்பினா வெயில்ல உக்கார வெச்சிருக்கீங்க. பாடம் முடிஞ்சுதா?" என்றார்.

"கப்பல் இன்னும் ஆப்பிரிக்காவே தாண்டலைங்க சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியாததை அவர் எப்போதும் திமிர் என்றே எடுத்துக்கொள்வார்.

கடல் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர் ஜேடர்பாளையத்து அணைதான். நான் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான். அந்தச் சடைக்காரப் பெண் சொன்னாள்: "எங்கப்பா கள்ளிக்கோட்டைக்கே லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க டீச்சர்."

அவள் அப்பா தாளாளரின் லாரி ஓட்டுநர். ஒரு நாள் ஓய்வில் இருந்தபோது கூட்டி வந்தாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வகுப்புக்குள் செருப்போடு வரலாமா என்று தயங்கி, வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார்.

"அந்தக் கரையில நான் காலக் கழுவியிருக்கேன் சாமி" என்று தொடங்கினார். "நம்ம அணையில அக்கட்டால பாத்தா கரை தெரியுமில்ல? அங்க தெரியாது. எவ்வளவு நேரம் பாத்தாலும் தெரியாது. மொதல்ல பாக்கறப்ப திரும்பி வண்டிக்கே ஓடிரலாம்னு இருக்கும். பொறவு பசிக்க ஆரம்பிச்சுரும்."

வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எப்படிக் கண்டுபிடித்தவர் ஆவார் என்று ஒரு பையன் கேட்டான். அவர் யோசித்துச் சொன்னார்: "வழி கேக்கறது தப்பில்லீங்க. நாங்களும் கேட்டுக் கேட்டுத்தான் போறோம். ஆனா பம்பாய நாந்தான் கண்டுபிடிச்சேன்னு வந்து சொல்ல மாட்டமுங்க."

நான் அந்தப் பள்ளியில் கேட்ட நல்ல பாடம் அது. தலைமை ஆசிரியர் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, லாரிக்காரனையெல்லாம் வகுப்புக்குள் விட்டால் பள்ளியின் கௌரவம் என்ன ஆவது என்று கேட்டார். அந்தப் பள்ளிக்கு இருந்த கௌரவத்தை நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்த நேரத்தில் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே எல்லோருக்கும் கப்பல்மேல் அன்பு பிறந்துவிட்டது. கண்காட்சி வைக்க வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். வெறும் சுண்ணாம்புக் கோடுகளை அதிகாரிக்குக் காட்டுவதா என்று தாளாளர் கேட்டாராம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சொல்லி, தகரத்தில் ஒரு கப்பல் செய்து கொண்டுவந்து இறக்கினார். ஆள் உயரம். இரண்டு பக்கமும் மயில், தாமரை, நடுவில் மலை, மலைக்குப் பின்னால் சூரியன். முகப்பில் அவர் அப்பாவின் பெயர். பின்பக்கம் ஒலி எழுப்பச் சொல்லும் வாசகத்தையும் பெயின்டர் பழக்க தோஷத்தில் எழுதிவிட்டார். பிள்ளைகள் தொடக் கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

கப்பல் தகரத்தில் வரட்டும், நாடகம் எங்களுடையது என்று நான் முடிவு செய்தேன். கள்ளிக்கோட்டை ராஜாவின் சபையில் காணிக்கை வைக்கிற காட்சி. அந்தப் பெண்தான் ராஜாவின் மந்திரி. ஆறு கிண்ணம் வேண்டுமென்றதும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தது ஆண்டு விழாப் போசிகளைத்தான். அவளிடமும் ஒன்று இருந்தது, கையெழுத்துப் போட்டியில் வாங்கியது. ஒரே மாதிரி ஆறு பாத்திரம் எந்த வீட்டிலும் கிடைக்காது, அதனால் கொண்டுவந்தார்கள். அவர்கள் மனசில் வேறு எதுவும் இல்லை.

என் மனசில் இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தப் பெயர் வெட்டிய பாத்திரங்களை வரிசையாகப் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. வேறு பாத்திரம் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒத்திகையில் அந்தப் பெண்ணிடம், "சும்மா எடுத்து வெக்காத. தூக்கித் திருப்பித் திருப்பிப் பாரு, எல்லாருக்கும் தெரியற மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தாளாளரைப் பிடிக்காது என்பதை என்னால் வாயால் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் கையைக் கொண்டு சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். மாலையும் பூச்செண்டும் வாடி, சந்தனம் காய்ந்திருந்தது. தகரக் கப்பலைப் பார்த்து, "இது தண்ணியில மிதக்குமா?" என்றார். மிதக்கும் என்றார் தாளாளர். எந்தத் தண்ணீரில் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் குறிப்பேடுகளை மேசைமேல் அடுக்கி வைத்திருந்தேன். மேலே இருந்த ஒன்றின் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல அட்டை" என்று நகர்ந்தார்.

பிறகு நாடகம். மைதானத்தைச் சுற்றி ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். தலைப்பாகை கட்டிய பையன் கப்பல் தலைவனாக வந்து குனிந்து காணிக்கைகளை வைத்தான். அந்தப் பெண் எழுந்து வந்து ஒரு போசியைக் கையில் எடுத்தாள். விரலால் தட்டினாள். டொக் என்றது. திருப்பினாள், தூக்கினாள், வெயிலில் காட்டினாள்.

"இத எங்கூர்ல மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட எடுக்க மாட்டமுங்க" என்றாள். இதுவரை ஒத்திகையில் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டம் சிரித்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிண்ணத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்த்து, "பேரு மட்டும் நல்லா ஆழமா வெட்டியிருக்குது. போசி மெலிசா இருந்தா பேரு பெருசாத்தான் இருக்குமாட்டங்குது" என்றாள்.

மைதானமே சிரித்தது. அதிகாரி ஒன்றும் தெரியாமல் தொடையைத் தட்டிச் சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியர் முதலில் அதிகாரியைப் பார்த்துச் சிரித்து, பிறகு தாளாளரைப் பார்த்து நிறுத்தி, பிறகு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாய்மரத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "அந்தப் பிள்ளைய அய்யா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கால்ல உழச் சொல்லுங்க. இல்லாட்டி அவங்கப்பனுக்கு வண்டி இல்லை. உங்களுக்கும் நாற்காலி இல்லை. அய்யா சொல்லிட்டாரு."

கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் என்னங்க டீச்சர் தப்பா சொன்னேன்?" வேகமாக நடந்தேன்.

தாளாளர் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுற்றிலும் அவர் ஆட்கள் நாலைந்து பேர். குரலை ரொம்ப இனிமையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏஞ்சாமி, நான் குடுத்த போசி மாட்டுக்குக்கூட ஆகாதா?"

அவள் பயப்படவில்லை. "அது மந்திரி சொல்றதுங்க. நான் சொல்றதில்லீங்க."

"செரி, நீ என்ன சொல்ற?"

"எங்கூட்ல அம்மா அதுலதானுங்க மாவு கரைக்கறாங்க. நல்லாத்தானுங்க இருக்குது. அடிதான் மெலிசு. அடுப்புல வெச்சா நெளியுதுங்க."

ஒருவர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். தாளாளரின் முகம் மாறியது. அந்த நேரத்தில் நான் பேசினேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கங்கய்யா. இவ கொஞ்சம் மந்தம். என்ன பேசறோம்னு தெரியாது. படிப்பும் வராது. நாடகத்துல நான் சொல்லிக் குடுக்காததையெல்லாம் உளறிட்டா. கால்ல விழும்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. சரியான விடை எழுதியும் தப்பென்று அடித்திருந்தால் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்ப்பார்கள், அப்படிப் பார்த்தாள். பிறகு விழுந்து எழுந்தாள். தாளாளர் அவள் தலையைத் தொட்டு, "மந்தமா இருந்தாலும் நல்ல புள்ள" என்றார். ஆட்கள் தலையாட்டினார்கள். அந்தச் சபையில் மந்தம் இல்லாத ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். முந்தின நாள் ராத்திரிதான் மங்களூரிலிருந்து வந்திருந்தார் போல, கண் சிவந்து, சட்டையெல்லாம் தூசி. இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. உள்ளேயும் வரவில்லை. வராந்தாவில் நின்றார்.

"டீச்சர், எம்புள்ளைய மந்தம்னு சொன்னீங்களாமா?"

"உங்க வேலைக்காகத்தாங்க சொன்னேன். வண்டியப் புடுங்கிடுவேன்னு சொன்னாங்க."

புறங்கையால் முகத்துத் தூசியைத் துடைத்தார்.

"என்ற வேலைய நான் பாத்துக்குவேனுங்க. வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எங்கயும் வண்டி இருக்குது. அவ ராத்திரிச் சோறு உங்கறப்ப என்னையக் கேக்கறா, 'நான் மந்தமாப்பா, டீச்சரே சொல்றாங்களே'ன்னு. அய்யா சொல்லியிருந்தா அவ கேட்டிருக்க மாட்டா. நீங்க சொன்னதுனால கேக்கறா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்க நிற்கவில்லை. அந்த மாதமே தாளாளரின் லாரிச் சாவியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, திருச்செங்கோட்டில் வேறொருவரின் வண்டிக்குப் போய்விட்டார்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: அன்றைக்கு அய்யா வீட்டில் நான் சொன்னது பொய், இந்த வகுப்பிலேயே நன்றாக யோசிக்கிற பிள்ளை இவள்தான், அந்தப் போசியைத் திருப்பிக் காட்டச் சொன்னதும் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் தாளாளர் பம்பாய் போயிருந்தார், தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்தார். என் தைரியம் அப்படி நாள் பார்த்து வருகிற தைரியம். அவள் எழுந்து, "செரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பரீட்சை வரைக்கும் நான் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். அவளாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுகளை விளையாட்டு விழாவுக்காகத் தண்ணீர் விட்டு அழித்தார்கள். சாக்குப் பாய்கள் தாளாளரின் களத்துக்குப் போயின.

பரீட்சை முடிந்ததும் திருச்செங்கோட்டுப் பள்ளியில் சேர்க்க அவள் அப்பா மாற்றுச் சான்றிதழ் கேட்டார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் சான்றிதழ்களையெல்லாம் எழுதுவது நான்தான். நடத்தை என்ற இடத்துக்கு வந்ததும் தலைமை ஆசிரியர் நாளிதழிலிருந்து தலையை எடுக்காமல், "அதுல 'சுமார்'னு போடுங்க. அய்யா கேட்டாலும் கேப்பாரு" என்றார்.

'மிக நன்று' என்று எழுதினேன். மையை ஒற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. பேனாவை வாங்கி, பெரிதாகச் சுழித்து, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

அவள் அப்பா வராந்தாவிலேயே நின்று அதை ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, முழுக்கப் படித்தார். அந்தக் காகிதத்தை இதற்கு முன் படித்த ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் பக்கம் ஒருமுறை தலையசைத்துவிட்டு அப்பாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த இரண்டு வார்த்தையை நான் செய்த வீரம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் நானே ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனபோது, கீழே இருப்பவர்கள் எனக்குத் தெரியாமல் என்னவெல்லாம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வீரத்தின் உயரம் தெரிந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரிடம் கொடுத்திருந்தால் நான் 'சுமார்' என்றுதான் எழுதியிருப்பேன்.